வட்டத்துக்குள் வடக்கு

காத்தமுத்து வடக்கே கிளம்புவதற்குள் வடக்கு கிளம்பி வேம்பொட்டலுக்கு வந்துவிட்டது. பங்குனி மாதத்து உச்சி வெயிலில், ஊர்ப் பொட்டலில் அவன் சைக்கிள் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்துக்கு நடுவில் பனி விழுந்து, பனிக்குப் பின்னால் ஒரு மலை எழும்பி, மலைமேல் வளைந்து ஏறும் ஒற்றை ரோடும் தெரிந்தபோது, அந்த ஊர் முதலில் கேட்ட கேள்வி, இதில் வைத்தால் மல்லிகை வாடாமல் இருக்குமா என்பதுதான்.

ஊர் மேல் தப்பில்லை, அதன் புத்தி அவ்வளவு. விருதுநகருக்குக் கிழக்கே கருவேலங்காட்டுக்கு நடுவில் கிணற்றுத் தண்ணீரை நம்பி மல்லிகை போட்ட ஊர் அது. விடியப் பறித்த பூ உச்சிப்பொழுதுக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் மாட்டுக்குக் கூட ஆகாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் எதைப் பார்த்தாலும் பூவை வைத்துத்தான் பார்ப்பார்கள், கடவுளைப் பார்த்தாலும் அப்படித்தான்.

காத்தமுத்து அந்த ஊர்க்காரன் இல்லை, எந்த ஊர்க்காரனும் இல்லை. நிற்காமல் சைக்கிள் ஓட்டுவது அவன் தொழில். ஊர் ஊராகப் போய், பொட்டலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, நடுவில் கம்பம் நட்டு, கம்பத்தில் குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டி, அம்மன் கோயிலில் மஞ்சள் கிழங்கு கோத்த காப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவன் சைக்கிளில் ஏறினால், கட்டிய ஊரே அவிழ்த்துவிடும் வரைக்கும் அவன் கால் தரையில் படக் கூடாது. சைக்கிளிலேயே பல் விளக்குவான், சைக்கிளிலேயே சாப்பிடுவான், சைக்கிளிலேயே தலைக்கு ஊற்றிக் குளிப்பான், சைக்கிளிலேயே தூங்குவான். சாக்குத் தட்டி கட்டிய ஓர் ஓரத்தில் மட்டும் சக்கரம் கொஞ்சம் மெதுவாகும், அங்கேயும் இறங்கக் கூடாது. அவன் சாப்பிடுவதைப் பார்க்க ஒரு கூட்டம் வரும், குளிப்பதைப் பார்க்க ஒரு கூட்டம் வரும், தூங்கி விழுவானா என்று பார்க்க எல்லாவற்றையும் விடப் பெரிய கூட்டம் வரும். நல்ல மனிதர்கள்தான், கைதட்டுவார்கள், சட்டையில் நோட்டு குத்துவார்கள், ஆனால் விழுந்தால் நன்றாயிருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருக்கும்.

முத்துராக்கு அவன் பெண்டாட்டி. பகலில் மைக் பிடித்து அவன் பெருமையைச் சொல்லுவாள், சாயங்காலம் பாட்டுப் போட்டு ஆடுவாள். ஆடும்போது தொண்டை கிழிய விசிலடித்தவன் மறுநாள் குழாயடியில் அவளைப் பார்த்தால், தன் வீட்டுப் பெண்களை அந்தப் பக்கம் போகாதே என்று உள்ளே இழுத்துக்கொள்வான்.

இப்படியே நாடு நகரமெல்லாம் சுற்றி, எங்கேயும் போகாமலே எத்தனையோ ஆயிரம் மைல் ஓட்டிய காலத்தில், சேலத்துப் பக்கம் ஒரு ஊரில், ஆப்பிள் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் வட்டத்துக்கு வெளியே நின்று பீடி பிடித்தபடி அவனிடம் அலுத்துக்கொண்டார்.

"மணாலிக்கு மேல ஏறிட்டா செத்தம்ப்பா. ரெண்டு பக்கமும் பனி, நடுவுல ரோடு. நாள் பூரா போனாலும் ஏன்டான்னு கேக்க ஒரு மனுசன் கெடையாது. மனுசன் மூஞ்சியே மறந்து போயிரும்."

அவர் அதைச் சாபமாகச் சொன்னார், காத்தமுத்து அதை வரமாகக் கேட்டான். அந்தச் சுற்றை முடித்து மறுபடி அவர் நின்ற இடத்துக்கு வந்தபோது அவன் கேட்ட ஒரே கேள்வி, அந்த ரோடு நேராகப் போகுமா என்பது. வளைந்து வளைந்து போகும், ஆனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வராது என்றார் டிரைவர்.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் திட்டம் போட்டார்கள். கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் அவன் சைக்கிளோடு அவளும் கூடவே வட்டமாக நடப்பாள். அவர்கள் குடித்தனம் முழுக்க அந்த நடையில்தான் நடந்தது. ஆளுக்கொரு சைக்கிள். மதுரை, திண்டுக்கல், சேலம், ஹோசூர், கர்னூல், நாக்பூர், ஜான்சி, டெல்லி, அம்பாலா, மணாலி. மணாலிக்கு மேலே பெயர் தேவையில்லை. அந்த உயரத்தில் அரிசி வேகாது என்று டிரைவர் சொல்லியிருந்ததால் கம்பு மாவும் பொரிகடலையும் கருப்பட்டியும். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துபோகும், அதனால் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். பனியில் டயர் வழுக்கும், தேங்காய்நார்க் கயிறு சுற்ற வேண்டும். ஒட்டுப் போடும் சொல்யூஷன் குளிரில் இறுகிவிடுமே என்று அவன் கவலைப்பட்டபோது, அதை ரவிக்கைக்குள் வைத்துச் சூடாகக் கொண்டுவருகிறேன் என்று அவள் சொன்னாள்.

"அங்க போயி மொதல்ல என்ன செய்வீங்க மாமா?"

"கீழ எறங்குவேன்."

"அப்புறம்?"

"ஒரு பாறைக்குப் பின்னால போயி உக்காந்து, ஒருத்தரும் பாக்காம ஒரு வாய் திம்பேன். நீயி?"

"ஆடுவேன்."

"இங்க ஆடுறது பத்தலையா?"

"இது ஆட்டமா? விசிலடிக்க ஒருத்தன் இல்லாத எடத்துல எனக்காக ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கணும் மாமா. எப்பிடி இருக்குன்னு பாக்கணும்."

வேம்பொட்டலில்தான் அந்தத் திட்டம் மைக்கில் ஏறியது. அது பேசாத ஊர். கூட்டம் கூடியும் சத்தம் வரவில்லை. வழக்கமான வசனங்களெல்லாம் தீர்ந்துபோய், மௌனத்துக்குப் பயந்து முத்துராக்கு மனதில் இருந்ததை அள்ளி மைக்கில் கொட்டினாள். இதோ நமது வீரர் ஹோசூர் தாண்டிவிட்டார், இதோ கர்னூல் வெயிலில் போகிறார், இதோ நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவில் போகிறார் என்று ஒவ்வொரு நாளும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஏற்றினாள். ஊருக்கு அது பிடித்துப்போனது, பூ கட்டியபடியே வந்து உட்கார்ந்து கேட்டது. அம்பாலா வந்த அன்று வட்டத்துக்குள் காற்று கொஞ்சம் சில்லென்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மணாலி தாண்டிய அன்று அவள் வானத்தைப் பார்த்து, "இதோ, பனி" என்று சொன்னாள், பனி விழுந்தது.

வட்டத்துக்கு வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால் கால் புதைந்தது. வெளியே நின்று பார்த்தால் பொட்டலின் எதிர்ப்பக்கத்து வேலி பனிக்கு அப்பால் மங்கலாகத் தெரியும். உள்ளே நடந்தால் அந்த வேலி வரவே வராது, நடக்க நடக்க வெள்ளையும் பாறையும் காற்றும்தான். கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து ரோடு புறப்பட்டது. முதலில் உள்ளே போனது ஒரு நாய். போய் விழுந்து புரண்டு, வெயிலுக்குத் திரும்பி வந்து உதறிக்கொண்டு, மறுபடி போனது. இரண்டாவதாகப் போனது பூக்கடைச் சந்தனத்தின் மல்லிகைக் கூடை. பொழுது சாயும் வரை அது பறித்த மாதிரியே இருந்தது.

அதன் பிறகு யாருக்கும் வியப்பில்லை, வேலைதான் இருந்தது. ஊர்ப் பிரசிடெண்டும் கோயில் தர்மகர்த்தாவும் ஒருவரேயான குருவலிங்கம் கூட்டம் போட்டுப் பனியைப் பங்கு பிரித்தார். மேலத்தெருப் பூவுக்கு நிழல் விழும் வடக்கோரம், கீழத்தெருப் பூவுக்கு வெயில் தட்டும் தெற்கோரம். வானத்திலிருந்து விழுந்த பனிக்கும் அந்த ஊரில் மேலத்தெரு கீழத்தெரு உண்டாயிற்று. பால்காரர்கள் கேனைப் புதைத்தார்கள். பிள்ளைகள் தட்டில் அள்ளி நன்னாரி சர்பத் ஊற்றித் தின்று தொண்டை கட்டிக்கொண்டார்கள். சாவு விழுந்தால் முன்பெல்லாம் கண்ணாடி ஐஸ் பெட்டிக்கு அருப்புக்கோட்டைக்கு ஆள் அனுப்புவார்கள். இப்போது துபாயிலிருந்து மகன் வரும்வரை அப்பனைப் பனியில் கிடத்தி, தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். காத்தமுத்து பிணத்தையும் பூவையும் பாலையும் சுற்றிச் சுற்றி வந்தான். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் வாய் பிளந்தபோது, "ஆமா, பனி. அதுக்கென்ன இப்ப?" என்று ஊர் சலித்துக்கொண்டது.

ஒரு நாள் அவன் சைக்கிள் சங்கிலி கழன்றது. இரண்டு பேர் ஓடிவந்து அவன் கால் தரையில் படாமல் சைக்கிளைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் சங்கிலியை மாட்டினார். மாட்டி முடிப்பதற்குள் பனி இளகி, மலை கலங்கி, பூக்கூடைகள் சேற்றில் நின்றன. அவன் மிதித்துச் சுற்றத் தொடங்கியதும் எல்லாம் பழையபடி இறுகி வந்தது. குருவலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், மீசையைத் தடவிக்கொண்டார், வீட்டுக்குப் போனார்.

பேசிவைத்த நாள் வந்தது. பூசாரி அழகு மஞ்சள் தண்ணீர்க் குடமும் தேங்காயுமாகக் காப்பு அவிழ்க்க வந்தார். குருவலிங்கம் அவரை வழியிலேயே மறித்து, இன்றைக்கு நாள் சரியில்லை என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை தனக்குப் பங்காளி வீட்டுத் தீட்டு என்றார். அதற்கடுத்த முறை அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தால் அவிழ்க்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. பூப்பொட்டலம் கட்டியது சந்தனம், இரண்டிலும் என்ன பூ இருந்தது என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

முத்துராக்கு பிரசிடெண்டு வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஐயா, சித்திரையும் போயி வைகாசியும் வந்துருச்சு. அவுத்து விடுங்கய்யா, நாங்க கெளம்பணும்."

"எங்கம்மா கெளம்பப் போறீங்க?"

"வடக்க. ரொம்ப நாளாத் திட்டம் போட்டு வச்சிருக்கோம். சைக்கிள்லயே போறோம்."

குருவலிங்கத்துக்கு உண்மையாகவே புரியவில்லை. "கூறு கெட்ட புள்ளையா இருக்கியே. எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? அதான் இங்கயே வந்துருச்சே!"

"வந்தது உங்களுக்குங்கய்யா. அவரு அதச் சுத்திக்கிட்டுல்ல இருக்காரு."

"சாப்பாட்டுக்குக் கொறை வச்சமா? துணிமணிக்குக் கொறை வச்சமா? ஊரே அவன சாமியா நெனைக்குது. போ தாயி, போயி மைக்கப் புடி."

சாமியாக நினைத்தது வாஸ்தவம். சாமியையும் அந்த ஊர் கதவைச் சாத்திப் பூட்டித்தான் வைத்திருந்தது.

கயிற்றை அவனே அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் காப்புக் கட்டாதவர்கள். ஊர் கட்டிய காப்பைத் தானே அறுத்தவனுக்கு அதன்பிறகு எந்த ஊர்ப் பொட்டலிலும் இடமில்லை, எந்த அம்மன் வாசலிலும் முகமில்லை. அந்தப் பயம் அவன் எலும்பில் இருந்தது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. இத்தனை காலம் பேசிப் பேசிக் கனவு கண்ட அந்த ரோடு ஒவ்வொரு சுற்றிலும் அவன் இடது கைப் பக்கம், ஒரு தாவு தாவினால் தொடுகிற தூரத்தில் கிடந்தது. அவன் நின்றால் அது போய்விடும். அவன் சுற்றினால் அது இருக்கும், ஆனால் அவனுக்கு இல்லை. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதனுக்கு அவன் ஆசையைக் காட்ட முடியாது.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், கூடவே நடந்தபடி முத்துராக்கு சொன்னாள்.

"மாமா, நாம உள்ளாற போயிருவோம்."

"நான் உள்ள திருப்புனா மூடிக்கிருமே."

"மூடட்டும். ரெண்டு பேரும் உள்ள இருக்கும்போது மூடுனா நமக்கென்ன? காப்போடயே போவோம். அங்க யாரு இருக்கா, அவுக்கலையான்னு கேக்குறதுக்கு?"

அவன் அந்தச் சுற்றை வேகமாக முடித்தான். "இப்பவே திருப்பவா?"

அங்கேதான் அவள் தப்பு செய்தாள். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, அடுப்புக்கு எங்கே விறகு, தண்ணீருக்கு எந்தக் குழாய் என்று முதலில் போய்ப் பார்த்து வந்து பழகியவள் அவள்; எந்த ஊருக்கும் முன்னால் போய் இடம் பார்த்துவிட்டு வந்து அவனைக் கூட்டிப்போவதுதான் அவர்கள் வழக்கம். மாதக்கணக்கில் தரையில் படாத அவன் கால்களைப் பார்த்தாள். வழக்கத்தை விடவில்லை.

"இருங்க. நான் ஒருக்காப் போயி எடம் பாத்துட்டு வந்துர்றேன். நீங்க நடக்கவே மறந்துருப்பீங்க, மொத ராத்திரி தங்க ஒரு மறைவு வேணுமில்ல."

மறுநாள் காலையில் அவள் பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த தன் சைக்கிளில் டயருக்குக் கயிறு சுற்றி, கேரியரில் மாவு மூட்டை கட்டி, சொல்யூஷன் டியூப்பை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பூக்கூடைகளுக்கு நடுவில் புகுந்து ரோட்டில் ஏறினாள். ஊர்க்காரர்கள் யாரும் கம்பத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை, அவர்களுக்கு ஓரம் போதும். அவள் ஒவ்வொரு சுற்றிலும் சின்னதாகிக்கொண்டே போவதைக் காத்தமுத்து பார்த்தான். ஆட்டக்காரி உள்ளே எவனை வைத்திருக்கிறாளோ என்று கேட்டு வடக்கோரத்தில் சிரிப்பு எழுந்தது.

மூன்றாம் நாள் வந்தாள். உதடு வெடித்து, புருவத்தில் பனி பிடித்து, முகம் மட்டும் அவன் கல்யாணத்தன்று கூடப் பார்க்காத முகமாக இருந்தது.

"ஒருத்தர் இல்ல மாமா. கத்திப் பாத்தேன், என் கொரலே திரும்பி வந்து என்னையக் கூப்புடுது. ஒரு ஓடை இருக்கு, மேல கண்ணாடி மாதிரி இறுகிக் கெடக்கு, கல்ல விட்டு ஒடச்சா தண்ணி. அதத் தாண்டி ஒரு கல்லு வீடு, கூரை பாதி இல்ல."

"ஆடுனியா?"

"ஆடுனேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஒரு முழுச் சுற்றும் அவன் அழுதுகொண்டே மிதித்தான். சைக்கிளில் அழுவது புது வித்தையாக இருக்கவே வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அப்போதே போயிருக்கலாம். ஆனால் அந்தக் கல் வீட்டுக்கு மேலே ஒரு கணவாய் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, ரோடு இறங்குகிறதா, விறகு இருக்கிறதா என்று தெரியவில்லை. திரும்பி வர வழியில்லாத பயணத்துக்குத் திட்டம் போடுகிறவளுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. கொஞ்ச நாள் தேறிக்கொண்டு மறுபடி கிளம்பினாள்.

"இதான் கடைசி மாமா. கணவாய்க்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன். வந்த அன்னைக்கே ரெண்டு பேரும் கெளம்பிருவோம். சுத்திக்கிட்டே இருங்க, என்ன ஆனாலும் நிக்காதீங்க."

"நிக்க மாட்டேன் ராக்கு."

அவள் போன பிறகு மைக் பிடிக்கவும் ஆளில்லை, அவன் தூங்கும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் ஆளில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகினான். கால் மிதித்தது, கை வளைத்தது, பனி இருந்தது. அவன் சுற்றும் வரைக்கும் அவளுக்குத் திரும்பி வர ஒரு வழி இருந்தது. முதன்முதலாக அந்த வட்டம் அவனுக்குச் சுமையாக இல்லை. யாராவது வந்து காப்பை அவிழ்த்துவிடுவார்களோ என்று அவன் பயப்படத் தொடங்கியதும் அப்போதுதான்.

அந்த நேரம் பார்த்து வேம்பொட்டலுக்குக் குளிர்ப்பதனக் கிடங்கு வந்தது. பல வருஷமாக மனுப் போட்டுக் கேட்டு மறந்தே போன கிடங்கு, பனி வந்த செய்தி எங்கெங்கோ போய்ச் சேர்ந்ததில், பூவுக்கு இவ்வளவு கஷ்டப்படுகிறார்களே என்று மேலே யாரோ இரக்கப்பட்டு, தகரக் கூரையும் கம்ப்ரசருமாக மூன்று லாரியில் வந்து இறங்கியது. திறந்து வைக்கப் பெரிய மனிதர்கள் வருவதாகச் சொன்னார்கள். பந்தல் போட ஊரில் இருந்தது ஒரே பொட்டல்.

"பனிய வச்சுக்கிட்டு அவுங்களை எங்கய்யா உக்கார வைக்கிறது? வேட்டியெல்லாம் நனைஞ்சு போயிரும்" என்றார் குருவலிங்கம். "அவுத்து விட்ருவோம். பாவம், அவனும் எத்தன மாசமாச் சுத்துறான்."

அன்றைக்கு நாள் நன்றாக இருந்தது. தீட்டு எதுவும் இல்லை. பூப்போட்டுக் கேட்டதில் வெள்ளைப் பூ வந்தது. ஊரே மேளதாளத்தோடு, மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு, ஆள் உயர மல்லிகை மாலையோடு காலை வெயிலில் பொட்டலுக்குப் புறப்பட்டு வந்தது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டபோதே காத்தமுத்துவுக்கு விளங்கிவிட்டது.

"வேணாங்கய்யா! அவுக்காதீங்க! அவ உள்ள இருக்கா!"

"மொகத்தப் பாரு, ஓட்டி ஓட்டிக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றார் சந்தனம், மாலையைச் சரிசெய்துகொண்டு.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கய்யா. கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிருக்கா. வந்துருவா. வந்ததும் நாங்களே போயிருவோம், பனியும் போயிரும், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல!"

"ஏப்பா, அவுக்கலன்னும் அழுதே, அவுக்க வந்தாலும் அழுவுறே. ஊரு பாவம் என்னதான் செய்யும்?" என்றார் குருவலிங்கம்.

அவன் சைக்கிளை உள்ளே திருப்பினான். அவ்வளவு காலமாக இடப்பக்கமே வளைந்த கை, இன்னும் ஒரு முழம் கூடுதலாக வளைந்தது. முன் சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பனியில் இறங்கியது. குளிர் முகத்தில் அடித்தது, ரோடு நேரே எதிரில் இருந்தது, இரண்டு மிதி மிதித்திருந்தால் போதும். பின்னாலிருந்து ஊர் கேரியரைப் பிடித்துக்கொண்டது. அன்பாகத்தான் பிடித்தது, மரியாதை செய்யாமல் அனுப்பிவிட்டோம் என்ற பழி ஊருக்கு வரக் கூடாது அல்லவா? பூசாரி அழகு அவன் கையைப் பிடித்துக் காப்பை அவிழ்த்தார். மாலை விழுந்தது, மஞ்சள் தண்ணீர் தலைவழியே ஊற்றப்பட்டது, நாலு பேர் அவனைத் தூக்கித் தரையில் நிறுத்தினார்கள். கால் நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டான். முன் சக்கரத்துக்குக் கீழே பனி இளகித் தண்ணீராகி, தண்ணீரை மண் குடித்து, மலையும் ரோடும் எங்கே இருந்தன என்று கேட்டால் காட்ட முடியாதபடி பொட்டல் பொட்டலாயிற்று. தவறிப்போய் எடுக்காமல் விட்ட ஒரு பூக்கூடை மட்டும் வெயிலில் கிடந்தது. மேளம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வாசித்தது.

அவன் தவழ்ந்து போய்க் கம்பத்தின் அடியைக் கையால் தோண்டினான். குருவலிங்கம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"போறவ போயிட்டா. ஆட்டக்காரி எங்கய்யா ஒரு எடத்துல நெலைச்சு இருந்திருக்கா? சைக்கிளும் சோத்து மூட்டையுமாப் போனத ஊரே பாத்துச்சே. மனசத் தேத்திக்க."

ஊர் அதை நம்பியது, நம்புவதற்கு அது சுலபமாக இருந்தது. விழாவன்று மேடையில் ஏற்றி அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்பம் நின்ற இடத்தில் பெரிய மனிதர்களின் நாற்காலிகள் இருந்தன. அவன் அந்த நாற்காலிகளின் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடியில் கரண்ட் போனது. கிடங்குக்குள் பூவெல்லாம் அவிந்து நாறியது. மறுநாளும் போனது. ஊர் மறுபடி அவனைத் தேடி வந்தது, அவன் எங்கேயும் போயிருக்கவில்லை, பொட்டல் ஓரத்தில்தான் கிடந்தான். "அந்தப் பனியத் திரும்ப வரவைக்க முடியுமா? அந்தப் புள்ள சொன்ன மாதிரியே சொல்லிப் பாரேன்" என்றார் சந்தனம். அவர்கள் கேட்பதற்கு முன்பே அவன் எழுந்து சைக்கிளை எடுத்திருந்தான். சுண்ணாம்பு போட்டார்கள், கம்பம் நட்டார்கள், மைக்கை அவன் வாய்க்கு நேராகக் கைப்பிடியில் கட்டினார்கள். ஹோசூர், கர்னூல், நாக்பூர் என்று அவள் சொன்ன மாதிரியே நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு சுற்றினான். ஊர் கூடைகளோடு சுற்றி நின்றது. மணாலி தாண்டியது. "இதோ, பனி" என்றான். வெயில் அடித்தது. அவன் குரல்தான் ஒலிபெருக்கியில் கேட்டது, அவள் குரல் இல்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கூடைகளை எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். மைக் செட்டுக்காரர் வந்து மைக்கை அவிழ்த்துக்கொண்டு போனார். பிறகு கிடங்குக்கு ஜெனரேட்டர் வந்தது.

காத்தமுத்து நிற்கவில்லை. இப்போது கையில் காப்பு இல்லை, கால் தரையில் படக் கூடாது என்று சொல்ல ஆளும் இல்லை, அவனாகச் சுற்றுகிறான். நிக்க மாட்டேன் என்று சொன்னவன் இடையில் நின்றுவிட்டதற்குச் சேர்த்தும் சுற்றுகிறான். "கர்னூல் தாண்டியாச்சு ராக்கு. பிரேக் கட்டை வாங்கிட்டேன். ஜான்சி வந்துருச்சு. மாவு இருக்கு, கருப்பட்டி இருக்கு. அம்பாலா. இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போய், மணாலிக்கு மேலே சொல்லப் பெயரில்லாத இடம் வந்ததும் குரல் நின்று, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி மதுரையிலிருந்து ஆரம்பிக்கிறான். சைக்கிளிலேயே பல் விளக்குகிறான், சைக்கிளிலேயே குளிக்கிறான், சைக்கிளிலேயே சாப்பிடுகிறான், சைக்கிளிலேயே அழுகிறான். பூக்கூடைக்காரர்கள் பஸ் பிடிக்க வட்டத்தைக் குறுக்காகக் கடந்து போகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.